ஞாயிறு இரவு ஆட்டங்கள்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதம்)

சதுரங்கம் என்றதும், இருவர் ஒரு பலகையின் இருபுறமும் கன்னத்தில் கைவைத்து அமர்ந்திருக்கும் காட்சிதான் நம் கண்முன் தோன்றும். நம் கல்லூரி மாணவர்கள் ஞாயிற்றுக்கிழமைதோறும் நடத்தும் சதுரங்கப் போட்டியிலோ பலகையும் இல்லை. எதிரே ஆளும் இல்லை. விடுதியின் மொட்டைமாடியில் ஒருவர், சொந்த ஊரில் வீட்டுத் திண்ணையில் ஒருவர், வார இறுதியில் வேலைக்குப் போகும் பேக்கரியின் பின்கட்டில் ஒருவர் என்று ஆளுக்கொரு மூலையில் இருந்துகொண்டு செல்போன் திரையில் காய் நகர்த்துகிறோம். இரவு 8.30 மணிக்குத் தொடங்கினால் 10.30 மணிக்குள் 7 சுற்றுகளும் முடிந்துவிடும். அந்தப் போட்டியைப் பற்றியும், அதில் நடந்த சில ஆட்டங்களைப் பற்றியும், ஒரு தம்பியின் ஆட்டங்களால் எழுந்த ஒரு வழக்கைப் பற்றியும் எழுதவே இம்மலரில் இடம் கேட்டேன்.

நாங்கள் ஆடுவது 'லிச்செஸ்' என்னும் இணையதளத்தில். பிரான்சு நாட்டவரான திபோ துப்லெஸ்ஸி 2010இல் தொடங்கிய தளம் அது. கட்டணம் கிடையாது, விளம்பரம் கிடையாது, விரும்புவோர் தரும் நன்கொடையில் நடக்கிறது. பணம் கட்டி ஆடும் ஆட்டங்களால் குடும்பங்கள் சீரழிந்த செய்திகளைக் கேட்டுக் கேட்டு, 'ஆன்லைன் விளையாட்டு' என்றாலே நம் பெற்றோர் அஞ்சுகின்றனர். என் தாயாரும் அஞ்சினார். "இதுல காசு கட்டணுமா? காசு வருமா?" என்று கேட்டார். இரண்டும் இல்லை என்றேன். "அப்புறம் எதுக்குடா ராத்திரி பத்து மணி வரைக்கும்?" என்றார். நியாயமான கேள்வி. இக்கட்டுரையை அதற்கான விடையாகவும் கொள்ளலாம்.

போட்டி 'சுவிஸ் முறை'யில் நடக்கிறது. 1895இல் சூரிச் நகரில் நடந்த ஒரு சதுரங்கப் போட்டியில் முதன்முதலாகக் கையாளப்பட்டதால் அதற்கு அப்பெயர். இதில் தோற்றவரை வெளியே அனுப்புவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய ஒரே புள்ளியில் இருப்பவர்கள் மோதிக்கொள்வார்கள். முதலிடத்தில் இருப்பவருக்கும் 7 ஆட்டம்; கடைசியில் இருப்பவருக்கும் 7 ஆட்டம். ஆளுக்கு 5 நிமிடம். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 3 விநாடி கூடும். வாரத்துக்கு 20 முதல் 25 பேர் ஆடுகிறோம். கணிதம், இயற்பியல், தாவரவியல், தமிழ், வணிகவியல் என எல்லாத் துறையினரும் உண்டு.

பலகையில் ஆடும் ஆட்டம், காய்களைப் பெட்டியில் போட்டவுடன் மறைந்துவிடும். இணையத்தில் ஆடும் ஆட்டம் மறைவதில்லை. எந்தக் காய் எங்கே போனது, அதற்கு எத்தனை விநாடி ஆனது என்பது வரை அப்படியே பதிவாகியிருக்கும். அந்தப் பதிவுகளைப் பார்த்து, வாரத்தின் குறிப்பிடத்தக்க 3 ஆட்டங்களைத் தேர்ந்தெடுத்து, ஒரு முழுத்தாளில் எழுதித் திங்கட்கிழமை மாலை விடுதியின் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது என் வேலை. இரண்டு பருவங்களாக இதைச் செய்துவருகிறேன்.

"அதைத்தான் எஞ்சினே சொல்லிவிடுமே, நீ வேறு ஏன் எழுத வேண்டும்?" என்று கேட்பவர்கள் உண்டு. 1997இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் 'டீப் புளூ' என்னும் பெருங்கணினி, உலக சாம்பியனாக இருந்த கேரி காஸ்பரோவைத் தோற்கடித்தது. இன்றோ 'ஸ்டாக்ஃபிஷ்' என்னும் இலவச எஞ்சின், நம் கைப்பேசியிலேயே எந்த மனிதரையும் விஞ்சி ஆடுகிறது. ஆட்டம் முடிந்ததும் அதைத் தட்டினால், இது நல்ல நகர்த்தல், இது பெருந்தவறு என்று எண்ணால் மதிப்பிட்டுக் காட்டும். ஆனால், ஏன் என்று சொல்லாது.

என் தந்தையார் கொத்தனார். சுவர் சாய்ந்திருந்தால் தூக்குக்குண்டு காட்டிக்கொடுத்துவிடும். அது ஏன் சாய்ந்தது, கலவையா, செங்கல்லா, அவசரமா என்பதைக் கூட நின்று பார்க்கும் மேஸ்திரிதான் சொல்ல வேண்டும். எஞ்சின் தூக்குக்குண்டு. எங்களுக்கு மேஸ்திரியும் தேவைப்பட்டார்.

எங்கள் குடும்பத்தில் பட்டப்படிப்புக்கு வந்த முதல் ஆள் நான். எந்தப் பாடத்துக்கு விண்ணப்பம் போடுவது, உள்மதிப்பீடு என்றால் என்ன, அரியர் என்றால் என்ன, இவற்றில் எதைக் கேட்டாலும் வீட்டில் விடை சொல்ல ஆள் இல்லை. அன்பும் சோறும் இருந்தன; காரணம் சொல்ல ஆளில்லை. ஆகவே எங்கேனும் ஒரு காரணம் புரிந்துவிட்டால் அதை எழுதி நாலு பேர் பார்க்கும்படி ஒட்டிவிட வேண்டும் என்ற ஆசை எனக்கு உண்டு. அந்தத் தாள் அப்படித்தான் தொடங்கியது.

இனி, இந்த ஆண்டு நான் எழுதியவற்றுள் சில.

முதலாவது, வாரந்தோறும் யாராவது ஒருவர் விழும் பொறி. வெள்ளைக்காரர் குதிரையை எடுக்கிறார். அவருடைய ராணிக்கு முன்னால் நிற்கும் அந்தக் குதிரையைக் கறுப்பின் மந்திரி (பிஷப்பைத்தான் நாங்கள் மந்திரி என்கிறோம்) கட்டிவைத்திருக்கிறது. குதிரை நகர்ந்தால் ராணி போய்விடும். ஆனாலும் நகர்த்துகிறார். எதிராளி மகிழ்ச்சியோடு ராணியை வெட்டுகிறார். அடுத்து வெள்ளையின் மந்திரி ஒரு 'செக்' வைக்கிறது. ராஜா ஓர் அடி முன்னே வருகிறது. இரண்டாவது குதிரை வந்து 'மேட்' செய்கிறது. மொத்தம் 7 நகர்த்தல்கள். 18ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரில் வாழ்ந்த லெகால் என்பவரின் பெயரால் இது வழங்குகிறது. பிலிதோர் என்னும் மாமேதைக்குச் சதுரங்கம் கற்பித்தவர் அவர். இதில் வென்ற வணிகவியல் நண்பரைப் பலரும் புகழ்ந்தார்கள். நான் எழுதியது வேறு: ராணி இலவசமாகக் கிடைத்தால், வெட்டுவதற்கு முன் 5 விநாடி நிறுத்தி, "எதற்காகக் கொடுக்கிறார்?" என்று கேளுங்கள். சந்தையில் பாதி விலைக்குப் பொருள் கிடைத்தால் புரட்டிப் பார்க்க மாட்டோமா?

இரண்டாவது, மூன்றாம் ஆண்டு இயற்பியல் அக்கா ஒருவர் ஆடியது. எதிராளியிடம் ராணி இருந்தது. அக்காவிடம் ஒரு யானையும் ஒரு சிப்பாயும்தான். அவருடைய ராஜா பலகையின் மூலையில். அதற்கு முன்னால் நின்ற சிப்பாய் எதிரியின் சிப்பாயில் முட்டி அசையாமல் கிடந்தது. எதிரியின் ராணி பக்கத்தில் வந்து நின்று, ராஜா போகக்கூடிய மற்ற இரண்டு கட்டங்களையும் அடைத்துவிட்டது. அடுத்த நகர்த்தலில் மேட். நாமாக இருந்தால் செல்போனைக் கவிழ்த்துவிட்டுச் சாப்பிடப் போயிருப்போம். அக்கா 22 விநாடி யோசித்தார். தம்மிடம் அசையக்கூடிய காய் அந்த ஒரு யானை மட்டுமே என்பதைக் கண்டார். அதைக் கொண்டுபோய் எதிரி ராஜாவின் பக்கத்திலேயே நிறுத்திச் செக் வைத்தார். ராஜாவுக்கு ஒதுங்க இடமில்லை. யானையை வெட்டியே தீர வேண்டும். வெட்டியதும் அக்காவுக்கு நகர்த்த எதுவுமே இல்லை, செக்கும் இல்லை. ஆட்ட விதிப்படி அது 'ஸ்டேல்மேட்'. ஆட்டம் சமன், ஆளுக்கு அரைப் புள்ளி.

அக்காவிடம் மறுநாள் கேட்டேன். "வேற வழியே இல்லைன்னு தெரிஞ்சதுக்கு அப்புறம்தான் தம்பி, என்கிட்ட என்ன மிச்சம் இருக்குன்னு எண்ணிப் பார்த்தேன்" என்றார். அதை அப்படியே தாளில் எழுதினேன். அந்த வாரம் பலகையின் முன் கூட்டம் சற்று அதிகம்.

இனி அந்த வழக்கு.

பொங்கல் விடுமுறை முடிந்த வாரம். முதலாண்டுத் தாவரவியல் படிக்கும் ஒரு தம்பி முதன்முறையாகப் போட்டியில் சேர்ந்தான். கல்வராயன் மலை அடிவாரத்திலிருந்து வருபவன், அதிகம் பேசமாட்டான். அன்று 7 சுற்றுகளிலும் அவனே வென்றான். இரண்டு பருவங்களில் ஒருவரும் எடுக்காத 7க்கு 7. மூன்று ஆண்டு ஆடிவரும் மூத்தவர்கள் மூவர் அவனிடம் தோற்றார்கள்.

இரவு 11 மணிக்கெல்லாம் எங்கள் குழுவில் செய்திகள் வரத் தொடங்கின. "எஞ்சின் போட்டுத்தான் ஆடியிருக்கான்" என்றார் ஒருவர். "பக்கத்துல இன்னொரு போன் இருந்திருக்கும்" என்றார் இன்னொருவர். மூன்றாமவர் எழுதியது இன்னும் என் நினைவில் இருக்கிறது: "அந்த ஊர்ல இருந்து வர்றவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?" மறுநாள் காலை அந்தத் தம்பி குழுவிலிருந்து விலகியிருந்தான். என்னிடம் இருவர் வந்து, "இந்த வாரத் தாளில் அவன் ஆட்டம் வேண்டாம்" என்று சொல்லிப் போனார்கள்.

அந்த மூன்றாவது கேள்வி எனக்குப் புதிதன்று. முதலாண்டில் ஒரு தேர்வில் நான் எதிர்பாராத மதிப்பெண் பெற்றபோது, "யாரைப் பார்த்து எழுதினாய்?" என்று என்னையும் ஒருவர் கேட்டதுண்டு. விளையாட்டாகத்தான் கேட்டார். ஆனால், பட்டதாரிகள் நிறைந்த வீட்டிலிருந்து வந்த மாணவரை அவர் அப்படிக் கேட்கவில்லை. நம்மில் பலருக்கு வெற்றி கிடைத்தால் போதாது. அது நம்முடையதுதான் என்று சான்றும் காட்ட வேண்டியிருக்கிறது.

இருந்தாலும், என் மனத்தாங்கலை வைத்துத் தீர்ப்பு எழுதுவது முறையன்று. அவன் குற்றவாளி என்றும் நான் முடிவு கட்டவில்லை. குற்றமற்றவன் என்றும் முடிவு கட்டவில்லை. ஏழு ஆட்டங்களின் பதிவும் எல்லோர் கையிலும் இருந்தது. செய்தி எழுதியவர்களில் எவரும் அவற்றைத் திறந்து பார்க்கவில்லை. நான் பார்த்தேன். திங்கள், செவ்வாய் இரண்டு இரவுகள் ஆயின.

முதலில் கடிகாரம். எஞ்சினைப் பார்த்து ஆடுபவர் ஒவ்வொரு நகர்த்தலையும் வேறு திரையில் பார்த்து வர வேண்டும். அதனால் எளிய நகர்த்தலுக்கும் கடினமான நகர்த்தலுக்கும் ஏறக்குறைய ஒரே நேரம் பிடிப்பதுண்டு. இவனுடைய கடிகாரமோ மூச்சுவிடுவதுபோல் ஏறி இறங்கியது. வெட்டிய காயைத் திருப்பி வெட்ட 1 விநாடி. சிக்கலான இடத்தில் 40 விநாடி, 50 விநாடி.

அடுத்து மூன்றாம் சுற்று. அவனுடைய குதிரை பாய்ந்து எதிராளியின் ராஜாவையும் யானையையும் ஒருசேரத் தாக்கியது. ராஜா ஒதுங்கியது. இந்த இடத்தில் 3 நகர்த்தலில் மேட் இருக்கிறது: குதிரையை விலக்கி, குதிரையாலும் ராணியாலும் ஒரே நேரத்தில் இரட்டைச் செக், ராஜா மூலைக்குப் போனதும் ராணியை அதன் பக்கத்தில் கொண்டுபோய்ப் பலி கொடுக்க வேண்டும், எதிராளியின் யானை அதை வெட்டியே ஆக வேண்டும், தன் காய்களாலேயே அடைபட்டுப்போன ராஜாவைக் குதிரை வந்து முடிக்கும். சதுரங்க நூல்களில் புகழ்பெற்ற முடிவு இது. எஞ்சின் இதை ஒரு நொடியில் காட்டிவிடும். தம்பி 40 விநாடி யோசித்துவிட்டு, குதிரையால் யானையை வெட்டிக்கொண்டு, நீண்ட வழியில், மேலும் 30 நகர்த்தல்கள் ஆடி வென்றான்.

அடுத்து ஆறாம் சுற்று. இருவரிடமும் ஆளுக்கொரு யானை, சில சிப்பாய்கள். அவன் 1 நிமிடம் 10 விநாடி யோசித்தான். கடிகாரத்தில் 14 விநாடிதான் மிஞ்சியது. பிறகு யானைகளை மாற்றிக்கொண்டான். அதன்பின் ஒவ்வொரு நகர்த்தலும் 2 விநாடி. ஏன்? யானைகள் போன பின் வரும் சிப்பாய் ஆட்டத்தை முன்பே மனத்தில் ஆடி முடித்திருக்கிறான். சிப்பாயைத் தள்ளிக்கொண்டு ராஜா பின்னால் போகக்கூடாது; ராஜா முன்னே போய் வழி திறக்க வேண்டும். இரு ராஜாக்களும் நடுவில் ஒரு கட்டம் விட்டு நேருக்கு நேர் நிற்கும்போது, நகர வேண்டிய முறை எதிராளிக்கு வர வேண்டும். அப்படியே வந்தது.

2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் நடந்த உலகப் போட்டியின் 14ஆவது ஆட்டத்தை இங்கே நினைவுகூரலாம். 55ஆவது நகர்த்தலில் டிங் லிரென் யானையைக் கொண்டுபோய் வைத்த இடம், நம் சென்னையைச் சேர்ந்த குகேஷுக்கு யானைகளை மாற்றிக்கொள்ளவும், அடுத்து மந்திரிகளை மாற்றிக்கொள்ளவும் வழிவிட்டது. மிஞ்சியது ராஜாவும் சிப்பாயும் ஆடும் எளிய ஆட்டம். அதில் தப்ப வழியில்லை. குகேஷ் 18 வயதில் உலக சாம்பியன் ஆனார். பெரிய காய்களை எப்போது விட்டுவிட்டுச் சிறிய காய்களை நம்பலாம் என்பதே அந்த ஆட்டத்தின் பாடம். நம் தம்பி ஆடியதும் அதே பாடத்தின் சிறிய உரு.

கடைசியாக என் துறைக்குரிய கணக்கு. ஏழு ஆட்டமும் ஒருவன் வெல்வது நடக்காத காரியமா? ஒரு ஆட்டத்தில் அவன் வெல்லும் வாய்ப்பு 0.8 என்று கொண்டால், ஏழும் வெல்லும் வாய்ப்பு 0.8ஐ ஏழு முறை பெருக்கினால் வருவது: 0.21. அதாவது ஐந்தில் ஒரு பங்கு. 0.7 என்று குறைத்துக்கொண்டாலும் 0.08, பன்னிரண்டு வாரத்தில் ஒரு வாரம் நடக்கக்கூடியது. சுற்றுகள் ஏற ஏற எதிராளிகள் வலுப்பார்கள் என்பதால் இது தோராயக் கணக்குதான். ஆனாலும், நன்றாக ஆடுபவன் ஒருவன் வந்தால் 7க்கு 7 என்றேனும் ஒருநாள் வரத்தான் செய்யும். அது முதல் நாளிலேயே வந்ததுதான் அவன் செய்த குற்றம்.

இந்தப் பதிவுகளை எடுத்துக்கொண்டு புதன்கிழமை மதியம் தாவரவியல் துறை வராந்தாவில் அவனைப் பார்த்தேன். முதலில் பேசவே தயங்கினான். மூன்றாம் சுற்றைத் திறந்து காட்டி, "இங்க ராணியைக் கொடுத்திருந்தா மூணே நகர்த்தல்ல முடிஞ்சிருக்கும், பார்த்தியா?" என்றேன்.

கொஞ்ச நேரம் திரையையே பார்த்தான். "பாதி தெரிஞ்சுது அண்ணா. ஆனா ராணியைக் கொடுக்க மனசு வரல. கையில இருக்கிறத விட்டுட்டு அப்புறம் ஒண்ணும் இல்லாமப் போயிட்டா?" என்றான்.

எந்த எஞ்சினும் இப்படிப் பேசாது. எஞ்சினுக்கு ராணி ஒரு மதிப்பெண். கையில் இருப்பது போய்விடுமோ என்னும் அச்சம், இல்லாமையைக் கண்ட வீட்டில்தான் பிறக்கும். அதை நான் அறிவேன்.

எங்கே கற்றாய் என்று கேட்டேன். 2022 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை மாமல்லபுரத்தில் 44ஆவது சதுரங்க ஒலிம்பியாடு நடந்ததல்லவா? அதையொட்டி அரசுப் பள்ளிகளில் மாணவர்களுக்குச் சதுரங்கப் போட்டிகள் வைத்தார்கள். அப்போது அவன் பத்தாம் வகுப்பு. உடற்கல்வி ஆசிரியர் ஒரு பலகையை வாங்கிவந்து விதிகளைச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். வட்டார அளவில் வென்று மாவட்ட அளவில் தோற்றுவிட்டான். பிறகு அந்தப் பலகையை ஆசிரியர் அவனிடமே கொடுத்துவிட்டார். மூன்று ஆண்டுகளாகத் தங்கையோடு ஆடியும், செல்போனில் புதிர்களைப் போட்டும் வந்திருக்கிறான். "அந்த ஊர்ல இருந்து வர்றவனுக்கு எப்படித் தெரியும்?" என்ற கேள்விக்கு இவ்வளவு எளிய விடை இருந்தது. கேட்டவர் எவரும் அவனிடம் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இது நம் கல்லூரிக்கு மட்டும் வந்த நோயன்று. 'செஸ் டாட் காம்' என்னும் தளத்தில், கிராண்ட்மாஸ்டர் போன்ற பட்டம் பெற்றவர்களுக்கென்று செவ்வாய்க்கிழமைப் போட்டி ஒன்று உண்டு. 2014இல் மாதப் போட்டியாகத் தொடங்கி 2020இல் வாரப் போட்டியானது அது. உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர்கள் வீட்டிலிருந்தே அதில் ஆடியிருக்கிறார்கள். அங்கும் இதே பேச்சு உண்டு. 2023 நவம்பரில், முன்னாள் உலக சாம்பியன் விளாடிமிர் கிராம்னிக், அமெரிக்கரான ஹிகாரு நகமுராவின் இணைய ஆட்டங்களில் வந்த தொடர் வெற்றிகளைச் சுட்டிக்காட்டி ஐயம் எழுப்பினார். அவ்வளவு ஆட்டங்கள் ஆடுகிற, அவ்வளவு திறமை உள்ள ஒருவருக்கு அத்தகைய தொடர் வெற்றிகள் இயல்பானவையே என்று அந்தத் தளம் கணக்கிட்டு விடையளித்தது. நான் மேலே போட்ட சிறு கணக்கின் பெரிய வடிவம்தான் அது.

டேனியல் நரோடிட்ஸ்கி என்ற அமெரிக்கக் கிராண்ட்மாஸ்டரின் பெயரையும் இங்கே சொல்லியாக வேண்டும். விரைவுச் சதுரங்கத்தில் வல்லவர். அந்தச் செவ்வாய்ப் போட்டியில் வென்றவர். அதைவிடப் பெரிது, ஆடிக்கொண்டே ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 'ஏன்' என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்துக் காணொளிகளில் பதிவு செய்தவர். அவர் ஆங்கிலத்தைத் தட்டுத்தடுமாறிப் பின்தொடர்ந்துதான் நான் தாள் எழுதவே கற்றேன். அவரும் ஐயத்துக்கு ஆளானார். நன்றாக ஆடினாலே மற்றவர்கள் தவறாக நினைப்பார்களோ என்ற எண்ணம் தம்மை எவ்வளவு வருத்துகிறது என்று அவரே பேசியிருக்கிறார். 2025 அக்டோபரில் தம் 29ஆம் வயதில் அவர் மறைந்தார். அவர் மறைவுக்கு இதுதான் காரணம் என்று நான் கூறவில்லை. கூற எனக்குத் தகுதியும் இல்லை. ஆனால், சான்றில்லாத ஒரு சொல்லை ஒருவர் எத்தனை நாள் சுமக்க வேண்டியிருக்கிறது என்பதை அவர் பேச்சில் கேட்டேன். மூன்று மாதம் கழித்து நம் விடுதியிலும் அதையே கண்டேன்.

ஏமாற்றுவோரே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. எஞ்சினைப் பார்த்து ஆடிப் பிடிபட்டவர்கள் பட்டம் பெற்றவர்களிலும் உண்டு. பதிவுகளைப் பார்த்து ஒருவன் முற்றிலும் குற்றமற்றவன் என்று நிறுவிவிடவும் முடியாது; கணிதத்தில் நிரூபணம் என்ற சொல்லை அவ்வளவு எளிதாகப் பயன்படுத்தக்கூடாது என்று எங்கள் பேராசிரியர்கள் கற்பித்திருக்கிறார்கள். ஆனால், குற்றம் சொல்பவர்தானே சான்று காட்ட வேண்டும்? காட்டப்பட்ட ஒரே சான்று அவனுடைய ஊர். ஊர் ஒரு சான்றாகுமா, நண்பர்களே?

அந்த வாரத் தாள் வியாழக்கிழமைதான் ஒட்டப்பட்டது. வழக்கமான மூன்று ஆட்டங்களும் அவனுடையவை. கடிகாரக் கணக்கு, தவறவிட்ட மேட், யானைகளை மாற்றிய இடம், 0.21 என்ற எண் எல்லாவற்றையும் எழுதினேன். யாரையும் குறை கூறி ஒரு வரியும் எழுதவில்லை. தாளின் அடியில், "ஐயம் உள்ளவர்கள் ஆட்டத்தின் பதிவோடு வரவும், சேர்ந்து பார்ப்போம்" என்று மட்டும் குறிப்பிட்டேன். இப்போது அதுவே எங்கள் போட்டியின் விதி. பதிவைப் பார்க்காமல் குழுவில் எவரும் எவரைப் பற்றியும் ஐயம் எழுதக்கூடாது.

அதனால் எல்லாம் சரியாகிவிட்டதா? முழுக்க இல்லை. முதலில் எழுதியவர் தாளைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். மூன்றாமவர் தம் செய்தியை அழித்துவிட்டார். தம்பி அடுத்த இரண்டு வாரங்கள் ஆடவில்லை. மூன்றாம் வாரம் வந்தான். 7க்கு 4 எடுத்தான். அந்த இயற்பியல் அக்காவிடம் தோற்றான். தோற்ற ஆட்டத்தைத்தான் திங்கட்கிழமை என்னிடம் கொண்டுவந்து, "இதப் போடுங்க அண்ணா, இதுல நிறைய இருக்கு" என்றான். அன்று முதல் தாளை இருவரும் சேர்ந்தே எழுதுகிறோம். அடுத்த ஆண்டு நான் இறுதியாண்டு. அந்த வேலை அவனிடம் போகும்.

வெல்வதை யாரும் வந்து கற்றுக்கொடுக்கலாம். முடிந்த ஒன்றைத் திறந்து, எங்கே திரும்பியது, ஏன் திரும்பியது என்று கோபதாபமின்றிப் பார்ப்பதுதான் கடினம். வகுப்பறையில் பேராசிரியர்கள் நமக்குச் சொல்லித்தருவதும் அடிப்படையில் அதுவே அல்லவா? விடையை மட்டும் எழுதினால் அவர்கள் மதிப்பெண் போடுவதில்லை, வழிமுறை கேட்கிறார்கள். ஒரு மனிதனைப் பற்றி முடிவு கட்டும்போது மட்டும் நாம் ஏன் வழிமுறை இல்லாமல் விடை எழுதுகிறோம்?

ஞாயிறு இரவு 8.30 மணி. கட்டணம் இல்லை, பரிசும் இல்லை. ஆடத் தெரியாதவர்களுக்குச் சொல்லித்தர ஆள் உண்டு. பேராசிரியப் பெருமக்களும் வரலாம்; தோற்றால் ஆட்டம் பலகையில் ஒட்டப்படும் என்பதை மட்டும் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறோம்.